அஞ்சுநாட்டில் நிலமும் வழியும்

ஓர் ஊரின் சரித்திரத்தை ஆராய முற்படுவோர் முதலில் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவது வழக்கம். அஞ்சுநாடு என்னும் மலைப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை ஆற்றின் போக்கையே முதற்சான்றாகக் கொள்ளலாம். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கிப் பாய்வன. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டுமே கிழக்கு நோக்கித் திரும்புவன. அவற்றுள் சிறியதான பாம்பாறு இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகாவில் தோன்றி, மறையூர்ப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, சின்னாற்றோடு கூடி, அமராவதி என்ற பெயருடன் உடுமலைப்பேட்டைச் சமவெளியை அடைகிறது. பின்னர்க் கரூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது.

தண்ணீர் சென்ற திக்கிலேயே இம்மக்கள் சந்தைக்குச் சென்ற கால்வழிகளும் சென்றன. ஆனால் இந்நிலம் யாருக்கு உரியது என்று தீர்மானித்த ஆவணங்களோ மேற்கே பூஞ்ஞாற்றிலும் திருவனந்தபுரத்திலும் எழுதப்பட்டன. ஆறும் வழியும் ஒரு பக்கம், ஆவணம் மறுபக்கம் என்ற இந்த நிலை ஒரு சிறு நாட்டு மக்களின் வாழ்வை எவ்வாறு அமைத்தது என்பதே நாம் இங்குக் காணப்போவது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்ந்துகொண்டு, பிறந்த ஊரில் ஒரு துண்டு நிலத்தை நினைவில் வைத்திருக்கும் நேயர்களுக்கு இது அந்நியமான கதையாகத் தோன்றாது.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்ததே அஞ்சுநாடு. இவற்றிற்குத் தென்கிழக்கே, உயர்ந்த மலைச்சரிவுகளில் வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர் என்னும் தமிழ் ஊர்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியாதலால், மூணாற்றில் பொழியும் பெருமழை இங்கே எட்டுவதில்லை. மறையூர்ப் பாறைகளின்மேல் பெருங்கற்காலத்துக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. மக்கள் அவற்றை முனியறைகள் என்பர். பாம்பாற்றங்கரையில் கோவில்கடவு என்னுமிடத்தில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. இவ்வூர்களின் குடிகள், மதுரைச் சீமையில் அரசியல் குழப்பம் மிகுந்த காலத்தில் தம் முன்னோர் மேற்கே ஏறி வந்தனர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். காட்டில் வாழும் முதுவர்களும் மதுரையையே தம் பூர்வீகமாகக் கூறுவர். குழந்தைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து வந்தமையால் அப்பெயர் வந்தது என்பது அவர்களுடைய மரபுச் செய்தி.

இத்தகைய மலையூர்களில் வயல் குடும்பத்தின் கையில் இருக்கும். மேய்ச்சல் நிலமும், சரிவை வெட்டி அமைத்த படிவயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலும் ஊரின் பொறுப்பில் இருக்கும். வழக்கு வந்தால் சாவடியில் ஊர் கூடும். மன்னாடியார் போன்ற பட்டங்களையுடைய பெரியோர் சொல்லுவதே தீர்ப்பு. இன்னாருடைய பாட்டன் இந்த வரப்பு வரை உழுதான் என்று நால்வர் சாட்சி சொன்னால் அதுவே பட்டா. எழுத்து வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்தனர்.

இவ்வேற்பாட்டைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. சாவடியில் அமரும் உரிமை யாவர்க்கும் இல்லை. வயலில் பாடுபட்ட சக்கிலியர் முதலிய குடிகளுக்கு அந்த வழக்காறு காணி கொடுக்கவில்லை, மரியாதையும் கொடுக்கவில்லை. வட்டவடையில் அவர்களுக்கு முடி திருத்த மறுக்கும் வழக்கம் நம் காலம் வரை நீடித்து, 2020ஆம் ஆண்டில் ஊராட்சியே யாவர்க்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றைத் திறக்க நேர்ந்தது. ஊர்ச் சொல்லே உரிமை என்ற இடத்தில், ஊர் யாரைக் கணக்கில் கொண்டது என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

இப்பகுதிக்கு முதன்முதல் வந்த பெரிய எழுத்தாவணம் 1877ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதியிட்டது. அக்காலத்தில் இம்மலைகளுக்குத் தலைவராயிருந்தவர் பூஞ்ஞாறு அரசர். அவருடைய குலமும் மதுரையினின்று வந்த பாண்டிய மரபு என்றே தன்னைக் கூறிக்கொள்வது. மீனாட்சியம்மையே அவர்களுடைய குலதெய்வம். அவ்வரசர் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை என்ற பெருநிலப்பரப்பை எழுதிக் கொடுத்தார். முன்பணம் 5000 ரூபாய். ஆண்டுக் குத்தகை 3000 ரூபாய். திருவிதாங்கூர் அரசாங்கம் 1878இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. 1899இல் வெளியான அரச அறிவிப்பு, இம்மலைகள் திருவிதாங்கூரின் பிரிக்கலாகாத பகுதியே என்று உறுதி செய்தது. கண்ணன் தேவன் என்பது இப்பக்கத்து ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர் என்பர். அவருடைய பெயர் தேயிலைப் பொட்டலங்களில் ஏறி உலகமெங்கும் சென்றது. பள்ளத்தாக்கின் வயல்கள் தோட்டமாகவில்லை. ஆனால் மேலேயிருந்த சோலையும் புல்வெளியும் எழுத்தின் வலிமையால் கைமாறின.

இது இம்மலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் முன்னோர் சாவகம் என்றழைத்த ஜாவாவில் ஒல்லாந்தர் ஆட்சி, மன்றோவின் பத்திரத்துக்கு ஏழாண்டு முன்னர், 1870இல் ஒரு நிலச்சட்டம் செய்தது. உடைமை என்று நிறுவமுடியாத நிலமெல்லாம் அரசுக்கே உரியது என்பது அதனையொட்டிய விதி. அந்நாட்டுச் சிற்றூர்களில் நிலமும் நீரும் 'அதாத்' எனப்படும் ஊர் வழக்காற்றின்படி ஆளப்பட்டு வந்தன. வழக்காற்றுக்குப் பத்திரம் ஏது? காட்டையும் தரிசையும் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த குடியானவன், தோட்ட முதலாளியின் முன் உரிமையற்றவனாய் நின்றான்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஜாவாவில் கிராமத்துக்குப் பெயர் 'தேசா'. அது நம்முடைய தேசம் என்ற வடசொல்லே. பாலக்காட்டுப் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள், மலபாரிலும் நிலத்தின் இருப்பிடம் இன்ன அம்சம், இன்ன தேசம் என்றே குறிக்கப்பட்டிருப்பதை அறிவர். பல கோடி மக்கள் வாழும் பெருநாட்டை நாம் தேசம் என்கிறோம். ஜாவாக்காரனுக்கும் மலபார்க்காரனுக்கும் தன் வரப்பும் வாய்க்காலும் அடங்கிய ஊரே தேசமாயிருந்தது.

இனி, வழிகளின் வரலாற்றைப் பார்ப்போம். மலையூர்களுக்கும் சமவெளிக்கும் இடையே தலைச்சுமையும் பொதிமாடுமே நெடுங்காலம் போக்குவரத்தாக இருந்தன. மறையூர்ப் பக்கத்தார் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கினர். வட்டவடைப் பக்கத்தார் கிழக்கே கொடைக்கானல் மலையூர்களுக்கு நடந்தனர். தெற்கே போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கினர். தேயிலை வந்தபின் வழிகள் பெருகின. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது நீராவி எஞ்சின் ஓடும் சிறு ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அஞ்சுநாட்டுக் கொட்டகுடி வேறு, போடி மலையடியிலுள்ள இந்தக் கொட்டகுடி வேறு. அங்கிருந்து சரக்கு போடிக்குச் சென்றது. ஆக, மேற்கே எழுதிய பத்திரத்தால் விளைந்த தேயிலையும் கிழக்கு வழியாகவே துறைமுகம் சேர்ந்தது.

1924ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால் கேரள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். மாங்குளம் வழியாகச் சென்ற பழைய சாலையும் அதில் சிதைந்தது. ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குப் புதிய சாலை 1931இல் திறக்கப்பட்டது. அதன்பின் மலையின் முகம் மெல்ல மேற்கே திரும்பியது. கிழக்கேயும் 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட அந்த வண்டி 2023இல் மீண்டும் போடியை அடைந்தது. ஆயினும் மலைமேல் ஏற அதற்கு வழியில்லை.

இவ்வழிகளிலேயே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய தொழிலாளர் தோட்டங்களுக்கு ஏறினர். இவர்களுடைய நிலை அஞ்சுநாட்டாரின் நிலைக்கு நேர்மாறானது. அஞ்சுநாட்டாருக்குப் பத்திரம் இல்லாவிடினும் பாட்டன் உழுத வரப்பு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. லயத்தில் குடியிருப்பு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். தலைமுறைகள் கடந்து உழைத்த மலையில் அவர்களுக்கென்று ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை என்பதை நாடு அப்போதுதான் கவனித்தது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளத்துக்காகவும் பீர்மேட்டுக்காகவும் நேசமணி முதலியோர் போராடியும், அவ்விரண்டும் கேரளத்திலேயே நின்றன. மலபார் மாவட்டம் சென்னையிலிருந்து பிரிந்தமையால் பாலக்காட்டுத் தமிழரும் அதே நாளில் கேரளத்தவராயினர். இவர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் உரிமை அளிக்கிறது. நிலவரி ரசீதையும் எல்லை நோட்டீசையும் தன் மொழியில் படிக்கமுடியாதவனுக்கு நிலம் பாதி நிலமே. ஆதலால் இவ்வுரிமை சிறிதன்று.

அதன்பின் அரசே நிலத்துக்கு வந்தது. 1971இல் கண்ணன் தேவன் மலைகளை மீட்கும் சட்டம் நிறைவேறியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. தோட்ட நிறுவனத்திடம் ஏறக்குறைய 57,000 ஏக்கர் நின்றது, எஞ்சியது அரசுடைமையாயிற்று. அதில் ஒரு பகுதியே பின்னர் வரையாடுகள் மேயும் இரவிகுளம் தேசியப் பூங்காவாக அமைந்தது. 2006இல் வட்டவடை, கொட்டாக்கம்பூர் ஊர்களின் எல்லைக்குள் 3200 ஹெக்டேர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக்க அறிவிப்பு வந்தது. அதனுள் உழவருடைய பட்டா நிலங்களும் இருந்தன. ஐயத்துக்கிடமான பட்டாக்களும் இருந்தன. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்த மலர் 2018இல் மீண்டும் பூத்தபோதும் எல்லை விசாரணை முடிந்தபாடில்லை.

இதற்கிடையே விளைச்சலும் மாறியது. நெல் விளைந்த வயல்களில் கரும்பு நிற்கிறது. மறையூர் வெல்லம் 2019இலும், காந்தளூர், வட்டவடைப் பூண்டு 2022இலும் புவிசார் குறியீடு பெற்றன. பாம்பாற்றுத் தண்ணீருக்கும் கணக்கு வந்துவிட்டது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுப் படுகைக்கு உரியது. ஊர்ப் பெரியோர் சாவடியில் பங்கிட்ட தண்ணீரை இன்று மாநிலங்கள் பங்கிடுகின்றன.

வழக்காறும் எழுத்தும் ஒன்றையொன்று அழிக்கத்தான் வேண்டுமா? இந்தோனேசியா 1960இல் இயற்றிய நிலச்சட்டம் அதாத் வழக்கையே அடிப்படையாக ஏற்றது. ஆயினும் காடுகள் அரசின் கையிலேயே இருந்தன. 2013இல்தான் வழக்காற்றுக் குடிகளின் காடு அரசுக்காடு ஆகாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் அத்திசையில் எடுத்துவைத்த அடியே. ஆனால் அச்சட்டப்படி, பழங்குடியல்லாத பிற வனவாழ் மக்கள் தாம் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக அவ்விடத்தில் வாழ்ந்ததைக் காட்டவேண்டும். சொல்லால் வாழ்ந்தவர்களை எழுத்து மீண்டும் சாட்சி கேட்கிறது.

அஞ்சுநாட்டின் சரித்திரம் நமக்குக் கூறும் செய்தி இதுவே. எழுத்து வருமுன் வாழ்ந்தவர்கள், தம் வாழ்வைத் தாமே எழுதி வைக்காவிடில், பிறர் எழுதியதற்குள் குடியிருக்க நேரும். வெளிமாநிலத்தில் வாழும் நேயர்கள் அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிப்பதோடு நின்றுவிட வேண்டா. வயலின் பெயர், வாய்க்காலின் முறை, சந்தைக்குச் சென்ற பழைய வழி, எவர் உழுதார், எவர் உழுதும் பங்கின்றிப் போனார் என்பவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு, தேதியிட்டு, தமிழில் எழுதி வைக்கலாம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை.