கல்லூரி வாசல் முதல் கணினித் திரை வரை

கல்விக்கு உதவுவது நிலையான தர்மம் என்னும் ஈமானிய உணர்வோடு நம் முன்னோர் பொருளை வாரி வழங்கினர். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் அவ்வாறே எழுந்தன. ஆயினும், குடும்பச் சுமையால் படிப்பைப் பாதியில் விட்டுக் கடைகளுக்கும் கடல் கடந்தும் சென்றோருக்கு அவ்வாசல் எட்டவில்லை.

1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 2017இல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் உயர்கல்விப் பாடங்களை இணையவழியே இல்லங்களுக்குக் கொண்டு வந்தது.

பட்டமின்மையால் பதவி உயர்வை இழந்து நிற்கும் நம் இளைஞர்கள் இவ்வாய்ப்பைப் பற்றிக்கொள்ள வேண்டும். தனித்துப் படிப்போருக்கு நேர ஒழுங்கே உயிர். அதனை ஐவேளைத் தொழுகை நமக்கு அன்றாடம் பயிற்றுவிக்கிறது. சேருமுன் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரத்தை உறுதி செய்துகொள்வோமாக! அல்லாஹ் பயனுள்ள கல்வியை நமக்கு அருள்வானாக! ஆமீன்.