டபிள்யூபிஏ சப்ளிகன்ட்

லினக்ஸ் கணினியை மறையாக்கம் செய்யப்பட்ட வைஃபை பிணையத்துடன் இணைக்கும் பின்னணி நிரல். எழுதத் தொடங்கியவர் யோவுனி மாலினென். பிணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் பெரும்பாலும் இதையே உள்ளே இயக்குகிறது.

இணைப்பு கிடைக்காதபோது கோளாறு எந்தக் கட்டத்தில் என்பதை இதன் பதிவுக்குறிப்பு காட்டிவிடும். பிணையத்தின் பெயரே வைஃபை பட்டியலில் இல்லையென்றால் சப்ளிகன்டைக் குறைசொல்லிப் பயனில்லை. வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர் கோப்பு இல்லாதிருக்கலாம், அல்லது வானலைச் சாதனங்களை அணைக்கும் ஆர்எஃப்கில் வசதி வைஃபையை முடக்கியிருக்கலாம். இரு பக்கமும் ஒரே சாவியை வைத்திருப்பதைச் சரிபார்க்கும் நான்குவழிக் கைகுலுக்கலில் இணைப்பு அறுந்தால் முதல் சந்தேகம் கடவுச்சொல்மேல்தான். டபிள்யூபிஏ2 தனிநபர் முறையில், 8 முதல் 63 எழுத்து வரையுள்ள அச்சொல்லோடு பிணையத்தின் பெயரையும் கலந்து, 4096 சுற்றுக் கணிப்பில் 256 பிட் சாவி உருவாகிறது. ஆகவே முன்பே கணித்த சாவியை அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தவர் பிணையத்தின் பெயரை மாற்றினால், கடவுச்சொல் மாறாவிட்டாலும் அந்தச் சாவி செல்லாது. பலரை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும் சிக்கல் இது.

கைகுலுக்கல் முடிந்தும் இணையம் வராவிட்டால் மறையாக்கத்தை நோண்டுவது வீண்வேலை. டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி வந்ததா என்று பார்க்க வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் ஓடும்போதே கையால் இன்னொரு சப்ளிகன்டைத் தொடக்கினால், இரண்டும் ஒரே வைஃபை அட்டைக்கு மல்லுக்கட்டி இணைப்பு விட்டுவிட்டு வரும்.