தூண்டிலும் புயலும்

வடநாட்டுக் குளிரில் வாடும் நமக்குத் தை மாதத்தில் தென்திசை நினைவு எழுதல் இயல்பு. அமெரிக்கச் செல்வரும் அவ்வாறே பனிக்கு அஞ்சிப் புளோரிடாவின் தென்கோடித் தீவுகளை நாடினர்.

ஹென்றி பிளாக்ளர் என்னும் பெருஞ்செல்வர் கடல்மேல் பாலங்கள் அமைத்து, 1912-இல் கீ வெஸ்ட் வரை இருப்புப்பாதையைக் கொண்டு சென்றார். வழியிலுள்ள லாங் கீ தீவில் அவருடைய இரயில் நிறுவனத்தின் மீன்பிடி விடுதி புகழ் பெற்றது. நாவலாசிரியர் ஸேன் கிரே அங்கு எழுந்த மீன்பிடிச் சங்கத்தின் முதல் தலைவரானார். மெல்லிய நூலால் மீன் பிடித்தலே பண்பு என அச்சங்கம் போற்றியது.

1935 செப்டம்பர் 2-ஆம் நாள் வீசிய பெரும்புயல் விடுதியையும் இருப்புப்பாதையையும் சிதைத்தது. மாண்டோர் நானூற்றுவருக்கும் மேற்பட்டோர். அவருட் பலர் முதல் உலகப் போரின் முன்னாள் வீரர். வேலையின்றிச் சாலை அமைக்க வந்தவர். அவர்களை மீட்கக் காலந்தாழ்ந்து சென்ற இரயிலின் பெட்டிகளையும் கடல் கவிழ்த்தது.

எஞ்சிய பாலங்களின்மேல் 1938-இல் நெடுஞ்சாலை திறக்கப்பெற்றது. 1947-இல் ஜோ புரூக்ஸ் என்பார் அத்தீவுகளின் ஆழமற்ற நீரில், இறகால் கட்டிய போலி ஈயை வீசிப் போன்பிஷ் என்னும் விரைமீனைப் பிடித்தார். அதன்பின் அக்கலை பெரிதும் பரவிற்று. 2013 முதல் அம்மீனைப் பிடித்தவர் மீண்டும் நீரில் விடவேண்டும் என்பது அங்குச் சட்டம்.

மீனுக்கு இரங்கக் கற்ற அக்கரையில், சாலை அமைத்தோரைக் காக்கத் தவறிய கதையும் மறக்கற்பாலதன்று.