திருநங்கையர் உரிமைப் போராட்டமும் திருச்சபையாரும்

2018ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடைபெற்றது. அதனைப் பதிவு செய்யப் பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரும் அம்மறுப்பையே உறுதி செய்தார். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22ஆம் நாள் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்து, திருமணத்தைப் பதிவு செய்யுமாறு ஆணையிட்டார். இவ்வழக்கில் திருச்சபையார் எவரும் வழக்காடியவர் அல்லர். ஆயினும் புதுக்கோட்டை, சாயர்புரம் பக்கத்துச் சேகரங்களில் பணியாற்றும் குருமார் இதனை அயலார் செய்தியாகக் கருதி விட்டுவிட இயலாது.

திருநங்கையரைப் பழித்தல் பழந்தமிழ் வழக்கமன்று என்று சிலர் எழுதுவர். அது முற்றிலும் சரியன்று. ஏளனம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வேளனத்தைக் குற்றச் சட்டமாக்கியதே ஆங்கிலேயர் செய்த புதுமை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு இடம்பெற்றது. 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. கள்ளர் முதலிய சமூகத்தார்மீது பிற்காலத்தில் பாய்ந்த சட்டமாகவே நாம் அதனை அறிவோம். ஆனால் அதன் இரண்டாம் பகுதி வடமாகாணங்களில் அலிகள் எனப்பட்டோரைப் பற்றியது. ஐயத்தின்பேரில் அவர்கள் பெயர்கள் ஏட்டில் ஏற்றப்பட்டன. ஏட்டில் ஏறியவர் பெண்ணுடையில் தெருவில் தோன்றினால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம், 2 ஆண்டுவரை சிறையிலிடலாம். மகவேற்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

இதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 1859இல், தென்திருவிதாங்கூரில் தோள்சீலை வழக்கு ஓரளவு தீர்ந்திருந்தது. நாடார் பெண்களின் உடையுரிமைக்காக அங்குப் பரிந்து பேசியவர்கள் மிஷனெரிமார். உடையைக் குற்றமாக்குவோரை எதிர்த்து நிற்கும் வழி நம் முன்னோர்க்குத் தெரியாததன்று.

நம் காலத்திற்கு வருவோம். 2009 ஜூலை 2ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கடுமையை நீக்கித் தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றோருள் உத்கல் கிறிஸ்தவப் பேரவையும் அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பும் இருந்தன. அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் இருந்தது. வேறெதிலும் ஒன்றுசேராதவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றனர். சமய ஐக்கியத்தைப் பற்றி மாநாடுகள் நடத்தும் நாம் இதனையும் கணக்கில் எழுதவேண்டியவர்களாயிருக்கிறோம். 2013 டிசம்பர் 11ஆம் நாள் அவர்கள் வென்றனர். நான்கே நாள்களில் பல நகரங்களில் மக்கள் தெருவில் திரண்டு கண்டனம் முழங்கினர். நான்கு மாதங்களில், 2014 ஏப்ரல் 15ஆம் நாள், அதே உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, தம் பால் இன்னதெனத் தாமே உரைக்கும் உரிமை திருநங்கையருக்கு உண்டென்றது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கவிழ்ந்தது.

தமிழ்நாட்டரசு 2008இலேயே நலவாரியம் அமைத்திருந்தது. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24ஆம் நாள் மாநிலங்களவை ஏற்றது. ஆனால் மைய அரசு அதனை விட்டுத் தன் மசோதாவை 2016இல் கொண்டுவந்தது. சோதனைக் குழுவின்முன் நின்று பாலை நிறுவவேண்டும் என்னும் விதியையும், பிச்சை பற்றிய தண்டனைப் பிரிவையும் எதிர்த்துத் திருநங்கையர் சென்னையிலும் பிற நகரங்களிலும் போராடினர். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விரண்டும் இல்லை. எனினும் மாவட்ட ஆட்சியரின் சான்று வேண்டும் என்பது நின்றது. ஆதலால் அச்சட்டம் நிறைவேறிய நாள்களிலும் போராட்டம் ஓயவில்லை.

போராட்டக் களத்தில் முன்னின்றோர் திருநங்கையரே. திருச்சபையார் பங்கு சிறிது. சிறிதாயினும் இல்லையென்று கூறலாகாது. இந்தியச் சுவிசேஷத் திருச்சபையில் பாரதி என்னும் திருநங்கை இறையியல் பயின்று செங்கல்பட்டுப் பகுதியில் போதகப் பணி ஏற்றார். கொச்சியில் 2016 டிசம்பரில் திருநங்கையருக்கெனப் பள்ளியொன்று தொடங்கியபோது, பலர் இடம் தர மறுத்த நிலையில், கத்தோலிக்கக் கன்னியர் தங்கள் கட்டடத்தைத் தந்தனர். அறிக்கை பல வெளியிட்டவர்களைக் காட்டிலும் ஒரு கட்டடத்தின் சாவியைக் கொடுத்த அச்சகோதரிகளையே இக்கட்டுரையாளன் உயர்வாக எண்ணுகிறான்.

எதிர்ப்போர் திருமறையைக் காட்டுவர். உபாகமம் 23ஆம் அதிகாரம் விதையடிக்கப்பட்டவனைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. ஏசாயா 56ஆம் அதிகாரமோ அதே ஆளுக்குக் கர்த்தரின் ஆலயத்தில் நித்திய நாமத்தை வாக்களிக்கிறது. அங்கு நம் பழைய மொழிபெயர்ப்பு ‘அண்ணகன்’ என்று நேராகவே சொல்கிறது. மத்தேயு 19ஆம் அதிகாரத்திலும் அப்படியே. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் அதே கருத்துள்ள கிரேக்கச் சொல் வரும்போது மட்டும் ‘மந்திரி’ என்றாயிற்று. அரண்மனை அதிகாரியையும் அச்சொல் குறிக்கும் என்பது உண்மையே. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இடமில்லை. ஆனால் அதன் விளைவு பெரிது. எத்தியோப்பிய மந்திரியின் ஞானஸ்நானத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கித்த தமிழ்ச் சபையார், பிலிப்பு தண்ணீரில் இறக்கியவர் யார் என்பதைக் கேளாமலே வளர்ந்தனர். பவர் ஐயர் தலைமையில் உருவான அம்மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்தது 1871இல். வடக்கே அலிகளின் பெயரை ஏட்டில் ஏற்றும் சட்டம் வந்ததும் அவ்வாண்டே.

ஏடு என்றால் நம்மிடமும் ஏடுகள் உள்ளன. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, நம் ஆலயங்களில் திருமணத்தை நடத்துபவரும் பதிவேட்டில் எழுதுபவரும் குருவானவரே. மதுரைத் தீர்ப்பு இந்துத் திருமணச் சட்டத்தைப் பற்றியது. நம் சட்டத்தை அது நேராகத் தொடவில்லை. ஆயினும் ஞானஸ்நான ஏட்டில் ஆண்பெயரோடு எழுதப்பட்ட ஒருவர், இன்று பெண்பெயரோடு வந்து, தமக்கு ஓலை வாசிக்குமாறு கேட்கும் நாள் தொலைவில் இல்லை. தூத்துக்குடியில் மறுத்தவர் அரசு ஊழியர். அவருக்கு மேலே நீதிமன்றம் இருந்தது. சேகரத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நாமே.