பன்னிரண்டில் ஒன்று

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் எல்லாம் தாண்டினால் பரங்கிமலை. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் மெட்ரோவுக்கு ஓடுவார்கள், மீதிப் பேர் ஷேர் ஆட்டோ தேடுவார்கள். மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்கு யாரைக் கேட்டாலும் வழி கிடைக்கும். எம்.சி. ராஜாவின் ஊர் இதுதானே என்று கேட்டுப் பாருங்கள். எந்த ராஜா என்று திருப்பிக் கேட்பார்கள்.

மயிலை சின்னத்தம்பி ராஜா. பரங்கிமலையில் 1883 ஜூன் 17-ல் பிறந்தவர். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். அந்தக் கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937-ல்தான். அதே 1937-ல் அதன் பழைய மாணவரான ராஜா, கே.வி. ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் சில மாதங்கள் அமைச்சராக இருந்தார். ஆனால் அவர் தொழில் முதலில் வாத்தியார் வேலை. அரசியலிலும் அவர் கடைசிவரை கணக்கு வாத்தியாராகத்தான் இருந்தார்: மொத்தம் எத்தனை, அதில் எங்களுக்கு எத்தனை?

1920-ல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தபோது அவர் நீதிக்கட்சிக்காரர். 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு ஏடுகளில் இருந்ததை 'ஆதி திராவிடர்', 'ஆதி ஆந்திரர்' என்று மாற்ற 1922-ல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசும் ஏற்று ஆணையிட்டது. பெயர் மாறியது. பங்கு?

இடையில் புளியந்தோப்புக் கலவரம். 1921-ல் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் மூண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் பெரிய தலைவர்களோ, அரசின் தொழிலாளர் துறை ஆதி திராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் கோளாறு என்று பேசினார்கள். பிராமணரல்லாதார் என்ற ஒரே குடையின் கீழ் தம் மக்களும் நிற்கிறார்கள் என்று நம்பி வந்த ராஜாவுக்கு, மழை வந்தபோது குடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிட்டது. 1923-ல் கட்சியை விட்டு வெளியேறினார். இரண்டாண்டு கழித்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'ஒப்ரஸ்ட் ஹிண்டூஸ்' நூல் வந்தது.

நீதிக்கட்சியின் வகுப்புவாரி உரிமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று. அன்றைய அமைச்சர் முத்தையா முதலியார் 1928-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆணைப்படி 12 வேலைகளில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், கிறிஸ்தவர் - ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்கு இரண்டிரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ராஜாவின் மனத்தாங்கல் முழுவதும் அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. 1930-ல் அவர் வாழ்க்கையையும் பேச்சுகளையும் தொகுத்து வெளியிட்டவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. பின்னாளில் சென்னை மேயராகவும் சட்டசபை சபாநாயகராகவும் ஆனவர்.

பரங்கிமலையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மதுராந்தகம் பக்கம் கோழியாளம். அங்கே பிறந்த இன்னொரு ஆதி திராவிடத் தலைவர் ரெட்டைமலை சீனிவாசன், 1939-ல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களை நினைவுகூர்கிறார். சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாராவது நெருங்கிப் பழகினால் ஊரும் சாதியும் கேட்பார்களே என்று பயந்து, மணி அடிக்கும்வரை எங்காவது வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். பள்ளி விட்டதும் யார் கைக்கும் எட்டாமல் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். அந்தப் பையன்தான் வளர்ந்து 1893-ல் 'பறையன்' என்றே பெயரிட்டுப் பத்திரிகை நடத்தினார். ராஜா அரசு ஏட்டிலிருந்து எடுக்கச் சொன்ன அதே பெயர்! அம்பேத்கருடன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவரும் அவரே.

ராஜாவும் சீனிவாசனும் பிரிந்த இடம் 1932. சீனிவாசன் அம்பேத்கர் பக்கம், தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி கேட்டார். ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் போட்டு, எல்லோரும் வாக்களிக்கும் கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீடு போதும் என்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் அதையே நிலைநாட்டியது. சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 18 ஆக இருந்த இடங்கள் 30 ஆயின. கணக்கு வாத்தியாருக்கு லாபம்தான்.

ஆனால் 1937 தேர்தலில் அந்த 30-ல் 26 காங்கிரசுக்குப் போயின. மறுவருஷம் ராஜா ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவந்தார். முதலில் மலபாருக்கு மட்டும் செய்வோம், இதைத் திரும்பப் பெறுங்கள் என்றார் மாகாணப் பிரதமர் ராஜாஜி. ராஜா மறுத்தார். வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. கட்சிக் கட்டுப்பாட்டால் தாழ்த்தப்பட்ட உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள். ராஜா காந்திக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடிதங்களைப் பின்னர் அம்பேத்கர் தம் புத்தகத்தில் அப்படியே அச்சிட்டார். 1932-ல் ராஜா போட்ட கணக்கில் ஒரு பிழை இருந்தது என்றே சொல்லவேண்டும்: இடத்தை எண்ணினார், அதில் உட்காருகிறவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை எண்ணவில்லை. 

1943-ல் ராஜா காலமானார். சென்னை மாகாணக் கோயில்களுக்குள் எல்லா இந்துக்களும் நுழைய உரிமை தரும் சட்டம் 1947-ல் வந்தது. அதே ஆண்டு வகுப்புவாரி ஆணையும் திருத்தப்பட்டது. பன்னிரண்டில் ஒன்று, பதினான்கில் இரண்டு ஆனது.