வராண்டா கிராதியும் ஒரு கண் டாக்டரும்

பிரிஸ்பேன்ல நாங்க குடியிருக்கிறது பழைய மர வீடு. கட்டை நட்டு, தரையை விட்டு உசரத்துல வீடு. முன்னால அகலமா வராண்டா, சுத்தி மரக் கிராதி. இந்த மாதிரி வீட்டுக்கு 'குயின்ஸ்லாண்டர்'னு பேரு. முன் ரூம்ல நான், பின்னால ஒரு மதுரைக் குடும்பம். அவங்க பையனுக்கு ஒண்ணரை வயசு. கிராதியைப் பிடிச்சு நின்னு அதையே கடிக்கிறதுதான் ஐயாவோட முழுநேர வேலை :)

பெயிண்ட் செதில் செதிலா உரியுதேன்னு போன சனிக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சேன். எதிர்வீட்டுத் தாத்தா ஓடி வந்து நிறுத்திட்டார். "காரீயம், பையா!" அவர் சொன்ன கதையை லைப்ரரில தேடிப் படிச்சதுல வந்ததுதான் இந்தப் பதிவு.

1892. இதே ஊரில் டாக்டர்கள் சிலர் ஒரு விசித்திரத்தை எழுதி வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுவலி, வாந்தி, கை கால் துவண்டு போவது. பெயிண்டர்களுக்கு வரும் காரீய விஷம்தான், சந்தேகமில்லை. ஆனால் பெயிண்ட் அடிக்காத பிள்ளைக்கு அது எப்படி வரும்? அந்தக் குழுவில் ஒருவர் ஜெஃபரிஸ் டர்னர், குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர். (மனுஷன் அந்துப்பூச்சி ஆராய்ச்சியிலும் பெரிய ஆள்!) இன்னொருவர் லாக்ஹார்ட் கிப்சன், கண் டாக்டர். பார்வை மங்கி, கண் மாறி வந்த குழந்தைகள் அவரிடம்தான் வந்தார்கள்.

விடை கிடைக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. 1904-ல் கிப்சன் எழுதினார்: வராண்டா கிராதியும், வீட்டுச் சுவரும். அப்போதைய வெள்ளை பெயிண்ட் என்றாலே காரீய வெள்ளைதான். குயின்ஸ்லாந்து வெயிலில் அது காய்ந்து மாவாக உதிரும். குழந்தை கிராதியைப் பிடிக்கும், விரலைச் சூப்பும், நகம் கடிக்கும். அவ்வளவுதான். மற்ற ஊர் டாக்டர்கள் 'எங்க ஊர்ல இல்லாத வியாதி உங்க ஊர்ல மட்டும் ஏன்?' என்று கேட்டார்களாம். எனக்கென்னவோ அந்தக் கேள்விக்கு வராண்டாவும் வெயிலும்தான் பதில் என்று தோன்றுகிறது.

(நம்ம வீட்டு ஈயச்சொம்பு ரசத்தை நினைச்சுப் பயந்துடாதீங்க. அது வெள்ளீயம். இது காரீயம், வேற உலோகம்.)

கிப்சன் சொன்ன வழி ரொம்ப சுலபம்: குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் அந்த பெயிண்டை அடிக்காதே. அதைச் சட்டமாக்க குயின்ஸ்லாந்துக்கு இன்னும் பதினெட்டு வருஷம் ஆனது, 1922. அப்படியும் உலகத்திலேயே முந்திக்கொண்ட ஊர்களில் இதுவும் ஒன்று! அமெரிக்காவில் அதே இருபதுகளில் ஒரு காரீய பெயிண்ட் கம்பெனி குழந்தைகளுக்கென்றே வண்ணம் தீட்டும் புத்தகம் போட்டு விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அங்கே வீட்டு பெயிண்டுக்குத் தடை வந்தது 1978-ல். நம்ம நாட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி வந்ததே 2016-ல்தான்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. ஜார்விஸ் நை என்ற பிரிஸ்பேன் டாக்டர் 1929 வாக்கில் கவனித்தார்: குயின்ஸ்லாந்தில் இளவயசுக்காரர்கள் கிட்னி கெட்டுச் சாவது மிக அதிகம். சின்ன வயசில் கிராதியைக் கடித்த அதே தலைமுறை. வயிற்றுவலி சரியாகி, மறந்தும் போன பிள்ளைகள். 1954-ல் ஹெண்டர்சன் என்பவர் பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்து ஒவ்வொருவராகத் தேடிப் போய் அதை உறுதி செய்தார்.

1922 சட்டம் புதுசா அடிக்கிறதைத்தான் தடுத்தது. ஏற்கெனவே அடிச்சது அங்கேயேதானே இருக்கும்? ஹார்டுவேர் கடைல சோதனைக் குச்சி வாங்கி எங்க கிராதில தேய்ச்சேன். செக்கச் சிவப்பு.

அக்கா என்னையே பார்த்தாங்க. "தம்பி, ஆறு மாசமா கடிக்கிறானே?" நான் தேய்ச்ச பத்து நிமிஷத் தூளும் அதுல சேர்த்தி. வராண்டாவை ஈரத்துணியால மூணு தடவை துடைச்சு, கிராதி முழுக்கப் பழைய போர்வை கட்டியாச்சு. வீட்டுக்காரருக்கு மெயில் போட்டாச்சு. பையனுக்கு நேத்து ரத்தம் எடுத்தாங்க, ரிசல்ட் வியாழக்கிழமை.

இப்ப அவன் போர்வையைக் கடிச்சுக்கிட்டிருக்கான்.