கும்மி, சிந்து மெட்டுகளும் தேசிய உணர்வும்

கும்மி, காவடி, பள்ளு போன்ற கூட்டு ஆட்டங்களின் மெட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பெரிதும் சென்னையை மையமாகக் கொண்டு, தேசியப் பாட்டுகளாக மாறிய வரலாறு இது. செக் மக்களிடையே 19ஆம் நூற்றாண்டில் போல்கா நடனத்துக்கு நேர்ந்ததை இதற்கு இணையாகச் சொல்லலாம். 1866இல் பிராகில் அரங்கேறிய செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் 'விற்கப்பட்ட மணமகள்' ஓபரா, பின்வந்த திருத்தங்களில் போல்காவும் ஃபூரியண்ட் என்ற நாட்டார் நடனமும் சேர்ந்து முழுமை பெற்றது. 1878இல் மற்றொரு செக் இசையமைப்பாளரான துவோர்ஷாக் 'ஸ்லாவிய நடனங்கள்' எழுதினார். அங்கே நடனமும் இசையும் ஒன்றாகவே மேடையேறின. இங்கே மெட்டு மட்டும் மேடையேறியது. ஆட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது.

கும்மியில் பெண்கள் விளக்கையோ முளைப்பாரியையோ நடுவில் வைத்து வட்டமாகச் சுற்றுவார்கள். ஒருத்தி அடியெடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்து நிமிரும்போது விழும் கைகொட்டுதான் தாளம். கையைக் குழித்துக் கொட்டினால் ஓர் ஓசை, விரித்துக் கொட்டினால் வேறோர் ஓசை; பக்கவாத்தியம் எதுவும் தேவையில்லை. எளிதில் மனப்பாடமாகும் இந்த நடையை அச்சுக்காரர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். பஞ்சம், வெள்ளம், ரயில் என நாட்டு நடப்பெல்லாம் கும்மியாகவும் சிந்தாகவும் மலிவுப் புத்தகங்களில் வந்தன. சென்னைக் குஜிலிக் கடைத்தெரு இவற்றின் பெரிய சந்தையாக இருந்தது. தெற்கே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891), முருகனுக்குக் காவடி எடுப்போர் ஆடிப் பாடும் மெட்டுகளில் காவடிச்சிந்து பாடிப் புகழ்பெற்றார்.

1904இல் 'சுதேசமித்திரன்' வேலைக்காகச் சென்னை வந்த பாரதிக்கு இந்த மெட்டுகள் எல்லாம் காதில் ஊறியவை. 1907இல் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் மூன்று பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். ஐயர் மிதவாதி, பாரதியோ திலகர் பக்கம். அரசியலில் எதிரெதிர் அணியில் நின்றவரைக் கைப்பணம் செலவழிக்கவைத்தது பாட்டு.

அந்த மூன்றில் கும்மி கிடையாது. ஆனால் பாரதி மற்ற இடங்களில் நாட்டார் வடிவங்களை வெளிப்படையாகவே எடுத்தாண்டார். பெண் விடுதலைக்குக் கும்மி, போலிச் சுதேசிகளைச் சாடக் கிளிக்கண்ணி, பாரத மக்களின் தாழ்நிலையைச் சொல்ல நொண்டிச்சிந்து. சுதந்திரத்தைக் கொண்டாடும் பாட்டைப் பள்ளர் களியாட்டமாக வைத்ததுதான் இவற்றுள் மிகத் துணிச்சலானது. வயலில் உழைப்பவரின் வாயிலிருந்து விடுதலை அறிவிப்பு வரவேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும். அதற்கும் ராகம் வராளி, தாளம் ஆதி என்று குறித்திருக்கிறார். கச்சேரிக்காரரையும் அவர் விட்டுவிடவில்லை.

'சுதந்திரப் பள்ளு' என்ற அந்தப் பாட்டை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது சினிமா. நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 ஜனவரியில் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' வெளிவந்தது. ஆர். சுதர்சனம் இசையில் டி.கே. பட்டம்மாள் பாட, பன்னிரண்டு வயது குமாரி கமலா ஆடினார். ஆட்டம் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் வட்டமும் கூட்டமும் வரவில்லை. வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் பயின்ற ஒரு சிறுமியின் தனி ஆட்டமாக அது மாறியிருந்தது. பள்ளரின் களியாட்டம் என்று எழுதப்பட்டதில் பள்ளர் இல்லாமற் போனதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தேசியக் கலை என்ற பட்டம் அதற்குள் சதிர் ஆட்டத்திலிருந்து உருவான பரதநாட்டியத்துக்குப் போய்விட்டது. 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டிப் பிறந்த மியூசிக் அகாடமியும், 1936இல் ருக்மிணி தேவி அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்ராவும் அதற்கு மேடை தந்தன. 1944இல் கலாக்ஷேத்ரா அரங்கேற்றிய குற்றாலக் குறவஞ்சி, நாட்டார் சாயல் கொண்ட பழைய இலக்கிய வடிவம் ஒன்றைச் செவ்வியல் மேடைக்குக் கொண்டுவந்தது. கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் நவராத்திரியும் பள்ளி ஆண்டு விழாவுமே மிஞ்சின.

மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் மார்கழிக் கச்சேரிகளில் காவடிச்சிந்தும் பாரதி பாடலும் இன்றும் ஒலிக்கின்றன. பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் முடிந்தபின், துக்கடாவாக.